பிழையே இல்லாத கிளை

திரையில் கலாதேவியின் மானம் போய்க்கொண்டிருந்தது. நீலக்கோடு, தலைமைக் கடையில் புள்ளிவிவரம் பார்க்கும் பவித்ரனின் கணிப்பு; சிவப்புக்கோடு கடைக்கு உண்மையில் வந்த வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை. மற்ற கிளைகளில் நீலத்துக்கு அடியில் சிவப்பு இருப்பதே தெரியவில்லை. அவள் மேலாளராக இருக்கும் சிலிம் ரிவர் கிளையில் மட்டும் இரண்டும் பங்காளிச் சண்டை போட்டதுபோல் ஆளுக்கொரு பக்கம் போயின.

குனோங் ராபாட் தலைமைக் கடையின் மாடியில், முதலாளி பழனியப்பன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேராக் மாநிலம் முழுவதும் மளிகைக் கடைகள் வைத்திருக்கும் அவருக்கு அந்தப் படம் ஒரு மண்ணும் புரியவில்லை. கோலாலம்பூரில் படித்தவன் கலர் கலராகக் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்ற அளவில் அவருடைய மூளை நின்றுவிட்டது.

பவித்ரனுக்கு அது போதாதா? நகரும் சராசரி, பருவகாலத் திருத்தம் என்று நாலு வார்த்தையைக் கற்றுக்கொண்டு, கல்லாவில் ஒருநாள்கூட நிற்காமல் வியாபாரத்தையே அளந்துவிட்ட பெருமை அவன் முகத்தில் வழிந்தது.

எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று மாதத் தொடக்கத்திலேயே கணித்துக் கிளைகளுக்கு அனுப்புவான். கிளைகள் தினமும் வருகிறவர்களை எண்ணிக் குறித்து, மாதக் கடைசியில் அவனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது கணிப்போடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறதோ, அவ்வளவு நல்ல கிளை என்பது அவன் போட்ட சட்டம்.

"பாரிட் புந்தார் கிளையப் பாருங்க பாஸ், பிழை பூஜ்யம். போன மாசம் பாஞ்சிர் வந்து கடை வாசல்ல முட்டி அளவு தண்ணி. அந்த வாரம்கூட என் கணக்கு தப்பல."

முதலாளி கைதட்டினார். அந்தக் கிளையின் மேலாளர் புஷ்பலதாவுக்குச் சம்பள உயர்வு என்று அங்கேயே அறிவித்தார். வெள்ளத்தைத் தானே அடக்கியவன்போல் பவித்ரன் தலையசைத்தான்.

அடுத்து கலாதேவியின் பக்கம் திரும்பினான்.

"கலாக்கா, ஒன்னு உங்களுக்கு எண்ணத் தெரியல. இல்லன்னா வாய்க்கு வந்தத எழுதுறீங்க."

எஸ்டேட் கோயிலில் திருவிழா என்றால் கூட்டம் அள்ளும், அடைமழை என்றால் ஈ காக்கை வராது, வாசலில் நின்று எண்ணித்தான் எழுதுகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"அதுக்குப் பேரு நாய்ஸ் லா. அதயெல்லாம் கணக்குல எடுக்கக் கூடாது."

என்னவென்று தெரியாவிட்டாலும், நாய்ஸ் என்பது ஏதோ பெரிய குற்றம் என்று முதலாளிக்குப் பட்டது. இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். விபத்தில் இடுப்பொடிந்த புருஷன் வீட்டில் படுத்திருக்கிறான், தன் ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று கலாதேவி கெஞ்சினாள். இந்த இரண்டு பேரிடம் போய் ஒருத்தி கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று பார்க்கிறவர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் இரண்டு பேரும் வந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பவித்ரனின் கைப்பேசி அடித்தது. பாரிட் புந்தாரிலிருந்து புஷ்பலதா.

நல்ல கிளை எப்படி நடக்கிறது என்று கலாதேவியும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றான். ஒலிபெருக்கியைப் போட்டு, கைப்பேசியை மேசை நடுவில் வைத்தான். புஷ்பலதாவின் குரல் பணிவாக வந்தது.

"சார், இந்த மாசக் கணிப்ப இன்னும் நீங்க அனுப்பலயே. கடைக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு நாங்க எதப் பாத்து எழுதுறது?"