துணிக்கொடியா, ஏரியலா?

"ரெண்டு கம்பி ஆவாது. ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே எறங்கணும்" என்றார் கோதண்டம்.

பருத்திப்பட்டில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர். மொட்டைமாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பிகள் ஓடின. ஒன்று சரசாவின் துணிக்கொடி. இன்னொன்று, மேல்மாடி விக்ரம் போன மாதம் கட்டிய ரேடியோ ஏரியல். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் ஒரு கம்பிக்குக் குனிந்து, நிமிரும்போது அடுத்ததில் கழுத்தைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தொட்டி கழுவ யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்.

"என் கொடிதான் மொதல்ல வந்துச்சு, அண்ணாத்தே" என்றாள் சரசா. "ஊட்ல ஆறு பேரு. அவ்ளோ துணியும் நா எங்க போயி காயப்போடுறது, ஏரியிலயா?"

"கழட்டச் சொல்லாதீங்க சார்" என்றான் விக்ரம். அழுதுவிடுவான் போலிருந்தது. "இப்பதான் கேக்கவே ஆரம்பிச்சிருக்கு."

தேனிக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பகலெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருப்பவனுக்கு, சாயங்காலமும் ஹெட்போன் மாட்டி 'கொர்ர்' என்ற சத்தத்தைக் கேட்பதில் அப்படி என்ன சுகமோ, மனைவி நிவேதிதாவுக்கே புரியவில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். ஏரியலுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வாங்கிய செப்புக் கம்பி. எர்த்துக்கு, கீழே தரையில் கறிவேப்பிலைச் செடியின் பக்கத்தில் ஒரு குழி. அதற்குள் கரி, உப்பு, நடுவில் இரும்புக் குழாய். ஈரம் இருந்தால்தான் எர்த் பிடிக்குமாம். அதனால் தினமும் காலையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்.

"கறிவேப்பிலைக்கு ஒரு சொட்டு ஊத்த மாட்டாரு. இரும்புக்குக் கொடம் கொடமா ஊத்துறாரு. அது எப்போ காய்க்குமோ" என்றாள் சரசா.

கோதண்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நைனா, நெஜமா இதுல எதுனா கேக்குதா?"

"மூணு வாரம் ஒண்ணுமே கேக்கல சார். போன வாரம் தூறல்ல, குடையைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்து, ரேடியோவுல இருந்து வர்ற ஒயரோட க்ளிப்பைக் கழட்டித் திரும்ப மாட்டினேன். அதுக்கப்புறம் உலகமே கேக்குது."

"காட்டு. கேட்டுச்சுன்னா உன் கம்பி இருக்கட்டும். இல்லன்னா சரசா கொடி இருக்கட்டும்."

விக்ரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தான். "நிவேதிதா, ரேடியோவை ஜன்னல்ல வச்சு சத்தமா வை."

ஒரு பெண் பாடினாள். யாருக்கும் தெரியாத மொழி, நல்ல குரல். விக்ரமின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவனே பெற்று வளர்த்த பிள்ளை பாடுவது போல ஒரு பெருமை.

"எந்த ஊரு?" என்றார் கோதண்டம்.

"தெரியாது சார். தூரம்னு மட்டும் தெரியும்."

"இதே பாட்ட தாம்பரத்துல குந்திக்கினு பாடினா நமக்கு இன்னா தெரியப்போவுது?" என்றாள் சரசா.

விக்ரம் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒரே தொந்தரவு அக்காவோட கொடிதான் சார். துணி போட்டதும் ஸ்டேஷன் அமுங்கிடுது. ஏரியல் பக்கத்துல ஈரம் ஆகாதுபோல. அக்கா, அந்தப் போர்வையைக் கொஞ்சம் உங்க கொடியில போடுங்களேன்."

சரசா ஈரப் போர்வையைத் தன் கொடியில் போட்டாள். பாட்டுக்காரி கிணற்றுக்குள் இறங்கிவிட்டாள். எடுத்தாள், மேலே வந்துவிட்டாள். கோதண்டத்துக்கு இது பிடித்துப்போய், அவரே இரண்டு தடவை போர்வையைப் போட்டு எடுத்துப் பார்த்தார்.

"கரெக்டுதான். கண்ணெதிர்ல தெரியுதே" என்றார். "சரசா, கொடிய அவுத்துடும்மா."

சரசாவுக்குக் கண் கலங்கியது. அவள் இங்கே குடிவந்த நாளிலிருந்து இருந்த கொடி அது. கோபத்தில் ஈரப் போர்வையை விக்ரமின் செப்புக் கம்பி மேலேயே வீசினாள். பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் விக்ரம் அதைக் கவனிக்கவில்லை.

"மனசுல வச்சுக்காதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னான்.

சரசா இரு முனையிலும் கொடியைக் கட்டியிருந்த பழைய சைக்கிள் டியூப்பை அவிழ்த்தாள். கம்பி தரையில் விழுந்தது. பாட்டு பட்டென்று நின்றது.

"ஏங்க, அந்தம்மா போயிட்டாங்க" என்று நிவேதிதாவின் குரல் வந்தது.

"எர்த் காஞ்சிருக்கும். இரு, தண்ணி ஊத்திட்டு வரேன்" என்று விக்ரம் படிக்கட்டில் ஓடினான். கீழே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு குடம், இன்னொரு குடம். ரேடியோ வாயே திறக்கவில்லை.

மேலே சரசா தரையில் உட்கார்ந்து கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாதி சுருட்டியதும் கை நின்றது. எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, அந்தக் கொடத்த வெச்சுட்டு மேல வா. என் கொடிய இழுத்தா உன் ஊட்டு ஜன்னல்ல இருந்து ஒயரும் சேந்து வருது. உன் க்ளிப்பு என் கம்பியத்தான் கடிச்சுகினு கீது."