யார் வீட்டுப் பாத்திரம்?

மெஹ்ருன்னிசா இறந்தபின் மூன்று நாள் அந்தத் தேங்காப்பட்டணத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் காலையில் அவள் கணவர் ஜக்கரியா பாத்திரங்களைக் கழுவினார். வெறுமையாகத் திருப்பக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேரீச்சம்பழம் போட்டு, வீடுவீடாகக் கொடுத்து நன்றி சொன்னார். கடைசியில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு, தன்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு இர்ஷாதாவிடம் போனார்.

“மக்கா, இது ஒனக்குள்ளதா?”

“இல்ல காக்கா. எதுக்கு இப்பிடித் தேடி அலையுதிய?”

“இதுல வந்த அயில மீன்கறி மட்டுந்தான் எனக்குத் தொண்டைல எறங்கிச்சு. வச்சவளுக்கு ஒரு நன்றி சொல்லாண்டாமா? நம்ம தெருவுல இந்தக் கைப்பக்குவம் யாருக்கு மக்கா இருக்கு?”

இர்ஷாதா பாத்திரத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இதுல எங்களுக்கு எத்தன மட்டம் கறி வந்திருக்கு! நம்ம மெஹ்ருன்னிசா மைனிக்க பாத்திரமாக்கும் காக்கா. கறியும் மைனி வச்சதுதான். ஒங்க ஃபிரிட்ஜ்ல இருந்து கெட்டுப்போவாண்டாம்னு நான் எங்க வீட்டுல சூடாக்கித் தந்தேன்.”

“அவ எப்பம் வச்சா?”

“மௌத்தாவதுக்கு மொத நாளு. உப்பு கூடிப்போச்சுன்னு நீங்க தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டதா மைனி சொன்னா.”

ஜக்கரியா பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழத்தோடு அதை அடுக்களைக்குள் கொண்டுபோனார்.

அதை எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.