அணில் இழுக்கும் கயிறு

“அது ஃபைனல் மேட்ச்டி. வேற கேசட் கைல சிக்கல. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதையே கேப்ப?” என்றான் குமரேசன் போனில்.

தங்கை கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுதந்திர தினத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் அந்தக் கார்ட்டூனை டி.வி.யில் ஒரே ஒருமுறைதான் போட்டார்கள். பொன்னுக்குவீங்கி வந்து வீட்டில் கிடந்த அண்ணன் அதை அவளுக்காகப் பதிவு செய்தான். அவள் பள்ளிக் கொடியேற்றம் முடிந்து ஆரஞ்சு மிட்டாயோடு திரும்புவதற்குள், அதன் கடைசி நிமிடத்தின்மேல் கிரிக்கெட்டையும் பதிவு செய்துவிட்டான்.

இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் அவள் அதைப் போட்டுப் பார்க்கிறாள். மூன்று நிறங்களையும் பாடிக் காட்டிவிட்டு, உள்ளே பூ வைத்துக் கட்டிய கொடியின் கயிற்றை அணில் இரண்டு கைகளாலும் இழுக்கிறது. முடிச்சு நெகிழ்கிறது. சட்டென்று பச்சை மைதானத்தில் யாரோ பந்து வீச ஓடி வருகிறார்கள். இழுத்து இழுத்தே வயதாகி, இந்த வருடம் அணிலின் மீசை நரைத்திருந்தது.

“முடிவைப் பாத்தது நீ ஒருத்தன்தான்.”

“பொம்மைப் படம்டி அது! மறந்துபோச்சு, விடேன்.”

அவன் பக்கத்தில் கிரிக்கெட் வர்ணனை இரைந்தது.

“அணிலுக்குக் கை வலிக்குதுண்ணா. டி.வி.ய அணைச்சிட்டு, ஒரே ஒரு நிமிஷம் கண்ண மூடி யோசிச்சுச் சொல்லு. பூ விழுந்துச்சா?”