அம்மாவின் கைப்பக்குவம்

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கே பேர்: ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, அவருடைய ஒரே மகள், மருமகன், அடுத்த வாரம் அதிகாரி பதிவுத் திருமணம் செய்துகொள்ளவிருந்த, சாப்பாட்டுக்கடை நடத்தும் சமையற்காரம்மாள்.

மகள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்.

"அம்மா இருந்தப்ப என் பிறந்தநாளுக்கு முழுக்கோழி பண்ணுவாங்களே, அதை அந்தம்மா பண்ணட்டும். அந்த ருசி வந்துச்சுன்னா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன். வரலைன்னா இந்த வாசப்படி ஏற மாட்டேன்."

வயிற்றில் ஆரஞ்சும் எலுமிச்சையும் அடைத்து, கடைசிக் கால் மணி நேரம் மட்டும் தேன் பூசி வாட்டிய கோழி பொன்னிறமாக வந்து அமர்ந்தது.

மருமகன் ஒரு தொடையை முடித்துவிட்டு இறக்கைக்குக் கை நீட்டினான். "அட, அத்தை பண்ணின மாதிரியே..."

மனைவி பார்த்தாள். நீண்ட கை தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டது.

"ஒரே தித்திப்பு" என்றாள் மகள். "கடையில வேகவச்சுத் தள்ளுற கைக்கு எங்கம்மா பக்குவம் எங்கிருந்து வரும்? அம்மா ஒருத்தரையும் சமையலறைக்குள்ள விடமாட்டாங்க. தனியா நின்னு பண்ணுவாங்க."

சமையற்காரம்மாள் எழுந்து உள்ளே போனார். அதிகாரி பின்னாலேயே விரைந்தார்.

"இப்பவே சொல்லிடறேன்" என்றார் தணிந்த குரலில். "என் பொண்டாட்டி ஒருநாளும் இதைப் பண்ணினதில்லை. உன் கடையில வாங்கி, பின்வாசல் வழியா நான்தான் கொண்டு வருவேன். சூடு பண்ணித் தட்டுல வைப்பா, அவ்வளவுதான். இருபது வருஷமா என் பொண்ணு சாப்பிட்டது உன் கையாலதான்."

"வேண்டாங்க. அம்மான்னு நெனச்சுக்க அந்தப் பொண்ணுகிட்ட இருக்கறது இது ஒண்ணு. அதையும் நான் பிடுங்கணுமா? அவ கையெழுத்துப் போடாட்டிப் போகட்டும். நீங்க என் பக்கம் நில்லுங்க, போதும்."

அவர் தலையாட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினார்.

"உள்ள என்னப்பா ரகசியம்?"

அதிகாரி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"தேன் கூடிடுச்சுன்னு அவளே ஒத்துக்கிட்டாம்மா. உங்கம்மா கை அவளுக்கு வராது."

சமையலறை வாசலில் நின்றிருந்த சமையற்காரம்மாள் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.