ஏழாம் எண் பை

ஏழாவது துணிப்பையை அவிழ்த்தபோது கல் வரவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வந்தது.

இன்ஸ்பெக்டர் அதை மேசைமேல் நிறுத்தி வைத்தார். பாட்டில் நிறையத் தண்ணீர். மூடியின் சீல்கூட உடையவில்லை.

அதற்கு முன்னால் வந்த ஆறும் கற்கள்தான். கறுப்பு, செம்மண் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு ஓடியது என்று தினுசு தினுசாக. ஒவ்வொரு பையிலும் என் கையெழுத்தில் ஓர் எண்.

என் கணவர் காடு மலை அலைந்து ஆய்வுக்குக் கல் எடுப்பார். நான் எடை பார்த்து, பையில் கட்டி, எண் போடுவேன். எட்டு வருஷமாக எங்கள் உத்தியோகமும் இதுதான், குடித்தனமும் இதுதான். ஆபீசில் அவருக்குப் பாறை என்று பெயர். என்னைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு பாறையையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்று நான் சொல்லாத நாளில்லை.

தேடிப் போனவர்கள் இந்தப் பைகள் இருந்த முதுகுப்பையை அவர் உடலிலிருந்து கழற்றி மூன்று நாள் ஆகிறது.

"வழி தவறி, தாகத்துல செத்துப் போன மனுஷன். பையில முழு பாட்டில் இருக்கு. ஏன் குடிக்கல?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேசைக்குக் கீழே, கட்டுப் போட்ட என் கால் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தை, அவருடைய அம்மா, பதில் சொன்னார்.

"இவளுக்காக வச்சிருந்திருப்பான் சார். இவ வண்டியில தனியா கெடக்கிறாளேன்னு வச்சிருந்திருப்பான்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தவர். அந்த அழுகையில் ஒரு பெருமை இருந்தது. பிள்ளை வீணாகச் சாகவில்லை என்று பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மீதி இரண்டு பைகளையும் அவிழ்த்தார். இரண்டிலும் கற்கள். என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழாம் எண் கல்லை மட்டும் காணவில்லை. பாரம் தாங்காமல் வழியில் எறிந்துவிட்டு, அந்தப் பையில் தண்ணீரைப் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்று அவரே சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

பாறையா கல்லை எறியும்?

அன்று ஜீப்பின் அச்சு முறிந்தபோது பின்னால் கட்டியிருந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனும் பாறையில் இடித்துக் கிழிந்துவிட்டது. நாங்கள் பார்ப்பதற்குள் மண் குடித்துவிட்டது. இறங்கின வேகத்தில் நான் காலை முறித்துக்கொண்டேன். மிஞ்சியது மூன்று பாட்டில்.

இரண்டை என் பக்கத்தில் வைத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டார். ரோட்டுக்கு நாலு மணி நேர நடை, இதெல்லாம் ஒரு நடையா என்றார். கல்லையாவது இறக்கி வைத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். மூன்று மாத உழைப்பு, கூடவே வரட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

முதுகுப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, வழி பார்க்க அவர் மேட்டில் ஏறிய நேரத்தில்தான் நான் ஏழாம் பையை அவிழ்த்தேன்.

ஒரு கையில் கல், ஒரு கையில் எனக்கு வைத்ததில் ஒரு பாட்டில். இரண்டும் ஒரே எடை. ஐம்பது கிராம் வித்தியாசம் இருந்தாலும் என் கைக்குத் தெரிந்துவிடும். கல்லை எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பாட்டிலைப் பையில் போட்டு, அதே முடிச்சைப் போட்டேன்.

கட்டிய பையை ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்வரை அவிழ்க்கவே கூடாது. அது அவர் போட்ட சட்டம். செத்தாலும் அவிழ்க்க மாட்டார்.

சொல்லாமல் இருக்க நினைக்கவில்லை. சொன்னால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். திரும்பி வர முடியாத தூரம் போகட்டும், அப்புறம் வாக்கி டாக்கியில் சொல்லலாம் என்று இருந்தேன். இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று பொறுத்தேன். பாவி, கால் மணி நேரம் கூடுதலாகப் பொறுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தியபோது அவர் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். வெறும் இரைச்சல்தான் வந்தது.

பொழுது சாயும்வரை அழுத்தினேன். ஏழாம் பை, ஏழாம் பை என்று அந்த இரைச்சலுக்குள் கத்தினேன்.

அவர் எனக்காக எதையும் மிச்சம் வைக்கவில்லை. முதுகில் ஒரு லிட்டர் தண்ணீர் இருப்பது தெரியாமலே நாக்கு வறண்டு செத்தார்.

"மனைவிக்காக வச்சிருந்தார்னே எழுதிக்கலாமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்லிவிடுவது என்று அத்தை பக்கம் திரும்பினேன்.

"அத்தை, அந்தப் பைய நான்தான்..."

அத்தை நான் சொல்வதைக் கேட்கிற நிலையில் இல்லை. பாட்டிலை எடுத்து மடியில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சீல் உடைந்தது. இன்ஸ்பெக்டர் தடுக்கக் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உசிரக் குடுத்து உனக்குன்னு வச்சிருக்கான். குடிம்மா."

காய்ச்சல்காரக் குழந்தைக்குப் புகட்டுவதுபோல ஒரு கையால் என் பின்தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பாட்டிலை என் வாயில் வைத்தார்.

குடித்தேன். மோவாயில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பாட்டில் காலியாகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.