மூன்றாவது சுற்று

"இந்த வெண்டலை இன்னிக்கே அனுப்பிடணும். இல்லேன்னா நான் போறேன்."

கொரீன் இடுப்பிலிருந்த நாணயப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள்.

விவசாயிகள் சங்கக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை ஒத்திகை. சனிக்கிழமை ஊர் வசந்த விழா. பெல்லி டான்ஸ் குழுவில் நாலு பெண்கள், நாலு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மேளத்துக்கு வெண்டல், ஓய்வுபெற்ற தபால்காரன். அமெரிக்காவின் ஆரிகன் மாநில மழைக்கு ஆட்டுத்தோல் தொய்ந்துவிடும் என்று, முதுகுவலிக்கு வைக்கும் சூட்டுப் போர்வையில் மேளத்தைச் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தான்.

"அவன் என்ன பண்ணான் உன்னை?" என்றாள் டார்லா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டார்லா தலைப்பாகையில் மயிலிறகு வைக்கணும் என்றாள். கொரீன் கூடவே கூடாது என்றாள். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு வேண்டியதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடையாது.

"என்ன பண்ணானா? நான் முன்னால நின்னு மூணு சுத்து சுத்துறப்போ மட்டும் தாளத்தை இழுக்கிறான். உனக்குன்னா ஒழுங்கா வாசிக்கிறான். வேணும்னே பண்றான்."

கொரீன் பழைய சாமான் கடைக்காரி. எந்த நாற்காலிக்கு எந்தக் கால் ஆடுகிறது என்று உட்காராமலே சொல்லிவிடுவாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்பது அவள் கட்சி.

செல்போனில் தாளக் கணக்கை ஓடவிட்டாள். டிக், டிக், டிக்.

"டார்லா, முதல்ல நீ நில்லு முன்னால."

இந்த ஆட்டத்தில் முன்கூட்டிப் போட்டுவைத்த அடி எதுவும் இல்லை. முன்னால் நிற்பவள் எதைச் செய்கிறாளோ அதைப் பின்னால் மூவரும் அந்த நொடியே செய்ய வேண்டும். போன வருஷம் கொரீன் கழுத்தில் ஒரு குளவி உட்கார்ந்தது. அவள் பட்டென்று அடித்தாள். பின்னால் மூன்று பேரும் தங்கள் கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டார்கள். ஜனம் கைதட்டி ரசித்தது.

டார்லா ஆடினாள். மேளமும் செல்போனும் ஒட்டியே நடந்தன.

கொரீன் முன்னால் வந்தாள். மூன்று சுற்று வந்த இடத்தில் மேளம் பின்தங்கியது.

"கேட்டீங்களா? மாடு சேத்துல நடக்கிற மாதிரி."

"ஒரு நூல் பின்னால போனா குடியா முழுகிடும்? விடேன்," என்றாள் டார்லா.

"உனக்கென்ன, சொல்லுவே. கையைத் தூக்குங்க. அவன் வேண்டாம்கிறவங்க யாரு?"

கொரீன் கை மட்டும் மேலே நின்றது. மற்ற இரண்டு பெண்கள் விரல் ஜால்ராவைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார்கள்.

மனைவி போன பிறகு வெண்டல் சட்டைக்கு இஸ்திரி போடுவது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அந்தச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"தாயே, ஒரே ஒரு தடவை போன்படியே வாசிச்சுக் காட்டறேன். அதுவும் பிடிக்கலேன்னா நானே போயிடறேன்."

"வேண்டாம் வெண்டல்," என்றாள் டார்லா.

"வேணும்," என்றாள் கொரீன்.

வாசித்தான். முதல் சுற்றில் கொரீனின் பாவாடை குடை மாதிரி விரிந்தது. இரண்டாவது சுற்றில் வலது முட்டியில் சுரீரென்றது. பிப்ரவரியிலிருந்து இப்படித்தான். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் அவள் பாதியில் இருக்கும்போதே தாளம் முடிந்துபோனது. எதிரே பக்கவாட்டுச் சுவரும், அதில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரும்தான் இருந்தன.

ஓரக்கண்ணால் மற்றவர்களைப் பார்த்தாள். மூவரும் அதே பாதியில் நின்று, கையைத் தூக்கியபடி, பயபக்தியோடு சிலிண்டரைத் தரிசித்துக்கொண்டிருந்தார்கள்.

டார்லா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். ஏதோ புது அடி கிடைத்துவிட்ட மாதிரி மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

கொரீன் செல்போனை அணைத்தாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றாள், பேரம் படியாத வாடிக்கைக்காரனிடம் பேசும் குரலில். "ஆனா பழையபடியே வாசிக்கணும். புதுசா ஒண்ணும் வேண்டாம்."

மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து வெண்டலிடம் வந்தாள்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"எது?"

"முட்டி."

வெண்டல் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உனக்கும் தெரிஞ்சு போச்சா? சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா டார்லா. பிப்ரவரியில வந்து சொன்னா, அவளுக்கு வலது முட்டி தேஞ்சு போச்சாம். அவ முன்னால நின்னா எப்படியோ சமாளிச்சுக்குவாளாம். நீ சுத்துற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியலையாம். அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் இழுத்து வாசின்னா. பாவம், இன்னிக்கு அவளால நீயும் பாதியில நிக்க வேண்டியதாப் போச்சு."

கொரீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே தூறல். பாவாடைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூடத்துப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள் டார்லா.

கொரீன் ஜன்னலைத் திறந்தாள்.

"ஏய் டார்லா, மெதுவா இறங்குடி. முட்டி என்னத்துக்கு ஆகும்? சனிக்கிழமை மயிலிறகு வேற வச்சுக்கிட்டு ஆடணும்."

டார்லா நின்றாள். ஒரு நொடி யோசித்தாள்.

பிறகு நொண்டிக்கொண்டே இறங்கினாள். இடது காலை.