பேச இடமில்லாத இசை

மூன்றாம் முறையும் கேட்டாள்.

மவுத் ஆர்கன். இரண்டு நிமிடம் பதினான்கு நொடி. கூட வேறு வாத்தியம் இல்லை.

வழக்கமாக ஒரு முறைக்கு மேல் எதையும் கேட்க மாட்டாள். சினிமாவுக்கும் சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் இசைத் துண்டுகளைச் சேர்த்துவைத்துக் கொடுக்கிற நிறுவனம் அது. அவளுடையது சோகப் பிரிவு. ஒரு நாளைக்கு நாற்பது சோகம் அவள் காது வழியாகப் போகிறது. எது ஆகும், எது ஆகாது என்று சொல்லிச் சொல்லி மனசு மரத்துவிட்டது.

அளவுகோல் ஒன்றுதான். இசை ஓடும்போது அதன் மேல் ஒருவர் பேச முடிய வேண்டும். ரொம்ப அழவைத்தால் வசனம் எடுபடாது. அளவாக அழத் தெரிந்த இசைக்குத்தான் இங்கே வேலை.

இது அளவாகத்தான் அழுதது.

ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போடலாம். புறப்படும் பேருந்துக்குப் போடலாம். எதற்கும் பொருந்தும்.

அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

விண்ணப்பத்தை மறுபடி பார்த்தாள். அனுப்பியவர் தவமணி, தந்தை, தூத்துக்குடி. வாசித்தவர் ஜெனிட்டா, மகள், வயது பத்தொன்பது. வாசித்தவரின் தொடர்புக்கு என்ற கட்டத்தில் 'மரித்துவிட்டாள்' என்று தட்டியிருந்தார். கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் போகாது.

நான்காம் முறையும் ஓட விட்டாள். சம்பளத்துக்குக் கேட்பவளுக்கு அது ஆகாது.

ஏற்றுக்கொண்டால் பிறகு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போன வருடம் அவள் உருகி உருகி ஏற்ற வயலின் ஒன்று மூலநோய் மருந்து விளம்பரத்தில் வந்தது.

தூத்துக்குடியில் ஒரு வீட்டில் டிவி ஓடும். சத்தம் கேட்டு ஜெனிட்டாவின் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். திரையில் யாரோ ஒருவர் மூலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார்.

வேண்டாம்.

நிராகரிப்பு. காரணம்: வசனத்துக்கு இடமில்லை.

பொய்தான். அழுத்தினாள்.

தள்ளிய இசையைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய குப்பையே வேறு வேறு பெயரில் வந்துகொண்டிருந்ததால் செய்த ஏற்பாடு. எத்தனை முறை அனுப்பினாலும் இனி உள்ளே விடாது. அழுத்திய முடிவைத் திருத்தவும் வழி கிடையாது.

நல்லது. இனி அந்தப் பிள்ளையை யாரும் தொட முடியாது.

மின்னஞ்சல் தானாகப் போய்விடும். ஆனாலும் மனசு கேட்காமல் அவளே போன் செய்தாள். நல்ல வாசிப்பு சார், எங்களுக்குத்தான் தோதுப்படவில்லை என்றாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வீட்ல நானும் அவ அம்மாவும் கேட்டுக் கேட்டு அழுது முடிச்சாச்சு. இனி முகந்தெரியாதவங்க யாராச்சும் கேட்டு, அவங்கவங்க சங்கடத்துக்கு அழுதா அவ எங்கேயோ வாசிச்சிக்கிட்டு இருக்கான்னு நெனச்சிக்கிடலாம்ல. அதுக்குத்தான் அனுப்புனேன். வேற ஒண்ணுமில்ல."

திரையில் ஜெனிட்டாவின் பெயர் சிவப்பாகியிருந்தது. அதன் மேல் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சார்... அவங்க வாசிச்சது வேற ஏதாவது இருக்கா?"

"இது ஒண்ணுதாம்மா இருக்கு."

அவர் குரலில் சட்டென்று ஒரு தெம்பு வந்தது.

"ஏம்மா, இதையே இன்னொரு தடவை அனுப்பட்டுமா?"